நெயில் பாலிஷ் வைத்தும் நூல் பிரிகிறதா? தையலிலும் வீட்டிலும் வரும் கோளாறுகள், காரணங்கள், சரிசெய்யும் வழி

நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் தையல் பெட்டியில் கிடந்தால் பல சில்லறை வேலைகள் முடியும். ஆனால் அதைப் பசை என்று நினைத்துப் பயன்படுத்தும்போதுதான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. அது பசை இல்லை. நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்த ஒருவகை வார்னிஷ். கரைப்பான் காற்றில் பறந்ததும் மெல்லிய, வழுவழுப்பான படலம் மட்டும் மிஞ்சும். இரண்டு பொருளைச் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் வலு அந்தப் படலத்துக்குக் கிடையாது. நூலிழைகள் அசையாமல் பூட்டிவைக்கும், உலோகத்தில் ஈரம் படாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். கிழிசலை ஒட்டவோ, மடிப்பைத் தைக்காமல் பிடிக்கவோ இதை நம்பவேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய காலத்துச் சினிமா ஃபிலிம் சுருள்கள் இதே நைட்ரோசெல்லுலோஸில் செய்யப்பட்டவை. தீப்பிடித்தால் அணைக்க முடியாது என்பதால்தான் 1950களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டன. பாட்டிலைத் திறந்து வேலை செய்யும்போது அடுப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சூடான இஸ்திரிப் பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது, காயவே இல்லை

பாட்டிலின் மேல் ஜெல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜெல் வகை, புறஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் இறுகும். வெயிலில் மூன்று நாள் வைத்தாலும் துணியின் உள்ளே இறங்கியது ஒழுங்காக இறுகாது. தையலுக்குச் சாதாரணமான, விலை குறைந்த, மினுமினுப்பு கலக்காத பாலிஷே போதும்.

சாதாரண பாலிஷ்தான் என்றால், கனமாக வைத்துவிட்டீர்கள். மேல்பகுதி தோல் கட்டிவிட, உள்ளே இருக்கும் கரைப்பானுக்கு வெளியேற வழியில்லை. மெல்லிய பூச்சு ஒன்று, பத்து நிமிடம் இடைவெளி, பிறகு இன்னொரு மெல்லிய பூச்சு. தொட்டுப்பார்க்கக் காய்ந்திருந்தாலும் முழுசாக இறுக ஒரு நாள் ஆகும். அதற்குள் துணியைத் தண்ணீரில் போட்டால் படலம் உரிந்து வரும்.

காய்ந்தபிறகு பால் மாதிரி வெளுத்துவிட்டது

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது சகஜம். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பூச்சின் மேல்பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனிபோல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஃபேனை நேராக வைத்துக் காயவைத்தால் இன்னும் மோசமாகும், குமிழியும் வரும். ஃபேனை நிறுத்திவிட்டு, வெயில் ஏறிய மதிய நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளுத்துப்போன இடத்தின்மேல் புதிதாக ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால், அதிலுள்ள கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, பெரும்பாலும் தெளிவாக்கிவிடும்.

வெள்ளை ரிப்பனில் சில மாதம் கழித்து மஞ்சளடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். இந்தப் படலம் வெளிச்சத்தில் நாளாக நாளாக மஞ்சளாகும். அதற்கு மருந்து இல்லை. வெளியே தெரியும் வெள்ளைத் துணியில் வைக்காதீர்கள்.

வைத்த இடத்தைச் சுற்றித் துணி ஈரம்பட்டதுபோல் கறுத்துத் தெரிகிறது

பாலிஷ் இழைகளின் வழியே ஊறிப் பரவியிருக்கிறது. பாட்டிலோடு வரும் பிரஷ் நகத்துக்கு அளவானது, நூலுக்கு மிக அதிகம். பிரஷை உபயோகிக்காமல், பல்குத்தும் குச்சியின் நுனியையோ குண்டூசியையோ பாட்டிலில் தொட்டு, பாட்டில் வாயின் ஓரத்தில் ஒருமுறை வழித்துவிட்டு, ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பட்டு, மெல்லிய காட்டன், வாயில் (voile) துணி போன்றவற்றில் புள்ளிகூடப் பரவும். அங்கே முடிச்சின்மேல் மட்டும், துணியில் படாமல் தொடவேண்டும். பாட்டில் கொஞ்சம் பழசாகி லேசாகக் கெட்டியாகியிருந்தால் இந்த வேலைக்கு அதுதான் நல்லது, பரவாது.

வைத்த இடம் சுருங்கி, விறைத்து, ஓட்டையாகிவிட்டது

அது அசிடேட் துணி. கோட்டின் லைனிங், பளபளக்கும் சில சாட்டின், பழைய கவுன் துணிகளில் இருக்கும். நெயில் பாலிஷின் கரைப்பானே அந்த இழையைக் கரைக்கும். பாலிஷை அழிக்கும் ரிமூவரிலுள்ள அசிட்டோன் இன்னும் வேகமாகக் கரைக்கும். ஓட்டை விழுந்தபின் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, துண்டு வைத்துத் தைக்கத்தான் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உள்தையல் ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, கண்ணாடிக் கிண்ணத்தில் சில சொட்டு அசிட்டோனில் போடுங்கள். கூழாகவோ பிசினாகவோ ஆனால் அந்தத் துணிப்பக்கம் பாலிஷும் போகக்கூடாது, ரிமூவரும் போகக்கூடாது. பாலியஸ்டர், காட்டன், பட்டு, நைலான் அப்படியே கிடக்கும். ஆனால் சாயம் இறங்குகிறதா என்பதையும் அதே கிண்ணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டன் நூல் மறுபடியும் அவிழ்கிறது

அதிகம் பேர் செய்வதும், அதிகம் பேர் தவறாகச் செய்வதும் இதுதான். பட்டனின் மேல் தெரியும் நூல்மீது ஒரு பூச்சு பூசிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் உரசும், இஸ்திரி உரசும், படலம் சில சலவைக்குள் உதிர்ந்துவிடும். மேலும் நூல் அவிழ்வது மேலிருந்து அல்ல, பின்பக்கத்திலிருந்து.

ரெடிமேட் சட்டைகளில் பட்டனைப் பல கம்பெனிகள் ஒற்றை நூல் சங்கிலித் தையலில் வைக்கின்றன. பின்னால் தொங்கும் சிறு நூல் முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். சட்டை வாங்கியவுடனே, முதல் சலவைக்கு முன், உட்புறத்தில் அந்த முனையைத் தேடி அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள். நீளமாகத் தொங்கினாலும் இழுக்காதீர்கள். புள்ளி காய்ந்தபிறகு 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

நீங்களே தைக்கும் பட்டன் என்றால், துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளி நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கழுத்து கட்டுங்கள். பாலிஷ் போகவேண்டிய இடம் அந்தக் கழுத்து. பட்டனின் அடியில் மறைந்திருப்பதால் உரசாது, பல மாதம் நிற்கும். பாலியஸ்டர் நூல் வழுக்கும், ஆகவே அதில் முடிச்சை இறுக்கிய பிறகே பாலிஷ். தளர்ந்த முடிச்சை பாலிஷ் இறுக்கிக் கொடுக்காது.

எல்லாம் செய்தும் நூல் அறுகிறது என்றால் பட்டனின் துளையைப் பாருங்கள். உலோகப் பட்டன்களில் துளையோரம் கூர்மையாக இருக்கும், ஒவ்வொரு அசைவிலும் நூலை அறுக்கும். தைக்கும் முன் துளையின் உள்விளிம்பில் இரண்டு பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிட்டுத் தையுங்கள். பிளாஸ்டிக் பட்டனில் இப்படிச் செய்யும் முன் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கவேண்டும். சிலவகைப் பிளாஸ்டிக் மங்கிப்போகும், மெல்லிய வெடிப்பு விடும்.

காஜா பிரிந்து மயிர்மயிராக நூல் நீட்டுகிறது

காஜாவை, அதாவது பட்டன் நுழையும் துளையை, வெட்டியபிறகு பாலிஷ் வைத்தால் தாமதம். நீட்டியிருக்கும் இழைகள் அப்படியே முள்போல் விறைத்துப் பட்டனைக் கீறும். வரிசை இதுதான்: காஜாத் தையலை முடியுங்கள், வெட்டாதீர்கள். துணியைத் திருப்பிப்போட்டு, இரண்டு தையல் வரிசைக்கும் நடுவிலுள்ள ஒல்லியான சந்தில் குண்டூசி நுனியால் ஒரு கோடு இழுங்கள். அரைமணி நேரம் காயவிடுங்கள். காஜாவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குண்டூசி குறுக்காகக் குத்திவிட்டு, சீம் ரிப்பர் என்ற தையல் பிரிக்கும் கருவியால் நடுவில் கிழியுங்கள். குண்டூசி இல்லாமல் கிழித்தால் கை தவறி முனைத் தையலும் சேர்ந்து போகும். பாலிஷ் பட்ட துணி விறைப்பாக இருப்பதால் ரிப்பர் திடீரென்று வழுக்கிப் பாயும்.

ஏற்கெனவே பிரிந்துபோன பழைய காஜாவா? நீட்டியிருக்கும் நூலை எல்லாம் முதலில் கூரான கத்தரியால் தையலை ஒட்டி வெட்டிவிட்டு, பிறகு ஓரத்தில் லேசாகத் தொடுங்கள். தையலே அறுந்திருந்தால் கையால் காஜா எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ரிப்பன், குஞ்சம், ஜரிகை நுனி பிரிகிறது

பாலியஸ்டர் ரிப்பனுக்கு பாலிஷ் வேண்டியதே இல்லை. நுனியை மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் ஒரு நொடி காட்டினால் உருகி மூடிக்கொள்ளும், அது பாலிஷைவிட நிலையானது. காட்டன், பட்டு, ரேயான் ரிப்பன்கள் உருகாது, கருகும், அவற்றுக்குத்தான் பாலிஷ். 45 டிகிரிச் சரிவாக வெட்டி, வெட்டு ஓரத்தில் மட்டும் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வையுங்கள். இரண்டையும் ஒரே நுனியில் செய்யாதீர்கள்: பாலிஷ் வைத்த நுனியைச் சுடரில் காட்டினால் குப்பென்று பற்றும்.

சேலைக் குஞ்சத்துக்கு வாங்கும் பட்டுநூல் என்பது பெரும்பாலும் ரேயான். பளபளப்பாக இருக்கும், முடிச்சு நிற்காது. குஞ்சத்தின் கழுத்தில் சுற்றிய நூலின் கடைசி முனையை ஊசியால் உள்ளே செருகி, செருகிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். கீழே தொங்கும் இழைகளில் ஒரு துளி வழிந்தாலும் அவை ஒன்றாக ஒட்டிக் குச்சிபோல் நிற்கும், குஞ்சத்தின் அழகே போய்விடும். அதனால் குஞ்சத்தைத் தலைகீழாகப் பிடித்து வையுங்கள். ஆரி வேலைப்பாட்டின் பின்பக்க முடிச்சுகளுக்கும் இதே முறை. ஆனால் சமிக்கி, முத்து, கண்ணாடிக் கற்களின் பக்கம் போகவேண்டாம். சமிக்கியின் நிறப்பூச்சும் கல்லின் அடியிலுள்ள பளபளப்புத் தகடும் கரைந்துவரும்.

ஜாக்கெட் ஹூக்கைச் சுற்றித் துருக்கறை

ஹூக்கின் முலாம் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு வியர்வையில் துருப்பிடிக்கிறது. கறை வந்தபிறகு பாலிஷ் பூசினால் துரு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஹூக்கை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். புதியதைத் தைக்கும் முன்பே, அட்டையில் இருக்கும்போதே, இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். சேலைக்குக் குத்தும் சேஃப்டி பின்னுக்கும் இப்படிச் செய்யலாம், ஆனால் கூர்நுனியில் படாமல். நுனியில் படலம் இருந்தால் பட்டில் குத்தும்போது இழையை இழுத்துவிடும்.

ஜீன்ஸ் பட்டனோ கவரிங் கம்மலோ பட்ட இடத்தில் அரிக்கிறது என்றால் பெரும்பாலும் நிக்கல். தோலில் படும் பக்கத்தில் இரண்டு பூச்சு கொடுத்தால் அரிப்பு குறையும். இது சில வாரத் தீர்வுதான், தேய்ந்ததும் மறுபடி பூசவேண்டும். தோல் ஏற்கெனவே புண்ணாகியிருந்தால் அந்த நகையையே தள்ளிவையுங்கள். முத்துவைத்த நகையில் பூசவேண்டாம்.

ஊசிக்காதில் நூல் நுழையவில்லை

நூல் நுனியின் 1 சென்டிமீட்டரை பாலிஷில் தொட்டு விரலால் உருட்டி, ஒரு நிமிடம் கழித்துச் சரிவாக வெட்டினால் ஈட்டிபோல் நுழையும். மெஷினில் கோத்தபிறகு அந்த விறைத்த நுனியை வெட்டி எறிய மறக்காதீர்கள். பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) சுற்றும் நூலின் நுனியில் இருந்தால் பாபினுக்குள் சிக்கல் வரும். ஈர நுனியை, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே இழுத்தால் அங்கே படலம் ஒட்டி, அப்புறம் தையல் ஏன் சுருங்குகிறது என்று மெஷினைக் கழற்றவேண்டி வரும்.

மெஷினில் போட்ட குறி அழிந்துபோகிறது

இங்கே நிறமுள்ள பாலிஷ் நல்லது. ஊசித்தட்டில், ஊசியை இறக்கி நிறுத்தி, அதிலிருந்து வலப்பக்கம் அரை அங்குலத்தில் ஒரு கோடும் ஒரு அங்குலத்தில் இன்னொரு கோடும் போட்டால் தையலுக்கு விடும் ஓர அகலம் மாறாமல் வரும். அழிவதற்குக் காரணம் எண்ணெய்தான். தட்டைக் கழற்றி, அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபிறகு குறி போடுங்கள். கோடு நேராக வர இரு பக்கமும் செலோடேப் ஒட்டி நடுவில் பூசி, பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் கோடும் கூடவே வரும்.

தட்டைக் கழற்றாமல் மெஷின்மேல் வைத்தபடியே அசிட்டோனால் துடைக்கவேண்டாம். பழைய கறுப்பு மெஷின்களின் பெயிண்டும் தங்கநிறப் பூவேலையும் அதில் கரைந்துவிடும். போனால் போனதுதான்.

பாபின் கேஸின் டென்ஷன் திருகில், சரியான தையல் வரும் நிலையில், திருகின் தலையிலிருந்து கேஸின் உடல்மேல் நீளும் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தால், மாற்றித் திருகியபிறகு பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். 14, 16 நம்பர் ஊசிகளைப் பிரித்தறிய, ஊசியின் தடித்த தண்டில் வெவ்வேறு நிறப் புள்ளி வைப்பவர்கள், தண்டின் தட்டைப் பக்கத்தைத் தவிர்க்கவேண்டும். அங்கே மேடு இருந்தால் ஊசி ஒழுங்காக உட்காராது, தையல் விட்டுவிட்டு விழும்.

ஜிப் அடைத்துக்கொள்கிறது, ஜிப் நாடா நுனி நைந்துவிட்டது

ஓடாத ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்க்கவேண்டும். பல்லின்மேல் பாலிஷ் பூசியிருந்தால் நீங்களே அடைத்துவைத்திருக்கிறீர்கள். உலோகப் பல் என்றால் அசிட்டோன் தொட்ட காதுக்குச்சியால் துடைத்து எடுங்கள். ஸ்வெட்டர், பை ஜிப்பின் கீழ்முனையில் ஊசிபோல் செருகும் பக்கத்து நாடா நைந்துபோவதுதான் பாலிஷ் உதவும் இடம். நைந்த இழைகளை முறுக்கி வெட்டி, பாலிஷில் ஊறவைத்து, பிளாஸ்டிக் பையின் துண்டால் தட்டையாக அழுத்திப் பிடித்து, காய்ந்தபின் ஓரத்தைச் சீராக வெட்டுங்கள். மூன்று முறை திரும்பச் செய்தால் நாடா மீண்டும் செருகும் அளவுக்கு விறைப்பாகும். ஷூ லேஸின் நுனி உறை உடைந்துபோனாலும் இதே வேலைதான்: 1.5 சென்டிமீட்டர் நனைத்து, முறுக்கி, காயவிட்டு, வெட்டவேண்டும்.

கொசுவலையில் அடைத்த ஓட்டை மறுபடி திறக்கிறது

3 மில்லிமீட்டர் வரையான ஓட்டையை மட்டுமே பாலிஷ் படலம் தாண்டிப் பிடிக்கும். அதைவிடப் பெரியது என்றால் முதலில் அதே நிற நூலால் குறுக்கும் நெடுக்குமாக நாலு இழை ஓட்டி, அதன்மேல் பூசுங்கள். வலைத்தூசியைத் துடைக்காமல் பூசினால் இரண்டாவது மழைக்குள் உரிந்துவரும்.

மூக்குக்கண்ணாடித் திருகு அடிக்கடி கழல்கிறது

திருகைக் கழற்றி, அதன் மரையின் நுனியில் குண்டூசியால் மிகச் சிறிய துளி வைத்து, மாட்டி இறுக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தேவைப்பட்டால் ஸ்க்ரூடிரைவரால் கழற்றவும் முடியும். மாட்டிய திருகின்மேல் பிரஷால் பூசுவது ஆபத்து: பிளாஸ்டிக் போலத் தெரியும் பல ஃபிரேம்கள் செல்லுலோஸ் அசிடேட், மேலே சொன்ன லைனிங் துணியின் உறவுக்காரர். வழிந்தால் ஃபிரேம் கரையும், லென்ஸில் தெறித்தால் அதன் பூச்சு போகும்.

பாலிஷ் வைக்கவே கூடாத இடங்கள்

கேஸ் டியூப், குக்கர் கேஸ்கட், மின்வயரின் கீறல், தோசைக்கல்லின் உரிந்த பூச்சு. கேட்பவர்கள் இருப்பதால் சொல்லவேண்டியிருக்கிறது. இவற்றை மாற்றத்தான் வேண்டும். துணியிலும், பாலிஷ் பட்ட இடத்தின்மேல் இஸ்திரியை நேராக வைக்காதீர்கள். படலம் இளகிப் பெட்டியின் அடியில் ஒட்டும்.

பட்டனுக்கு பாலிஷ் தீர்ந்துபோய், அவசரத்துக்குக் காட்டன் துணியில் ஃபெவிக்விக் விடுபவர்களும் உண்டு. அந்த வகைப் பசை பஞ்சு இழையோடு சேரும்போது சட்டென்று சூடேறும், புகையும், தோலைச் சுடும்.

தவறிச் சிந்திவிட்டது

தேய்க்காதீர்கள். காகிதத்தால் ஒற்றி எடுங்கள். அசிடேட் இல்லை என்று சோதித்தபிறகு, துணியைக் கறைப்பக்கம் கீழாக, மடித்த வெள்ளைத் துணியின்மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து அசிட்டோன் தொட்ட பஞ்சால் அழுத்துங்கள். கீழே உள்ள துணி கறையை வாங்கிக்கொள்ளும். அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதே பாலிஷ் திரும்ப ஏறும். அசிட்டோன் முழுக்கப் பறந்தபிறகு துவையுங்கள்.

பாட்டில் கெட்டியாகிவிட்டது, மூடி திறக்கவில்லை

கெட்டியானதற்கு ரிமூவர் ஊற்றுவது வழக்கம், அது தப்பு. ரிமூவரில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். படலம் பின்னால் திரிதிரியாக வரும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே கடையில் கிடைக்கும், இரண்டு மூன்று சொட்டு விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் பாட்டிலை உருட்டுங்கள். குலுக்கினால் குமிழி ஏறும். மூடி ஒட்டிக்கொண்டால் அடுப்பிலோ தீயிலோ காட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை இரண்டு நிமிடம் நிறுத்தித் திருகுங்கள். திறந்ததும் கழுத்து மரையை அசிட்டோனால் துடைத்து, துளி வாஸ்லின் தடவி மூடிவையுங்கள்.